டவர் இல்லாத கம்பெனியின் சிம்: பதினான்கு மாதம் பயன்படுத்திய பிறகு

போன வாரம் என் சிம் கம்பெனியிடமிருந்து ஒரு எஸ்எம்எஸ் வந்தது. எங்கள் சேவை புதிய நெட்வொர்க்குக்கு மாறுகிறது, புது சிம் தபாலில் வரும், அடுத்த மாதக் கடைசிக்குள் மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழையது வேலை செய்யாது என்று. நம்பர் அதே, பிளான் அதே, கட்டணம் அதே. சிக்னல் மட்டும் இனி வேறொருவருடைய டவரிலிருந்து வருமாம். இந்த சிம்மைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன், சரி, புதுசு வந்து பழசு மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் பட்ட தொல்லைகளில் முக்கால்வாசி இந்த வகைக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை, ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டுவது நியாயமில்லை.

இந்த வகையை எம்விஎன்ஓ என்பார்கள், தமிழில் மெய்நிகர் ஆபரேட்டர் என்று எழுதுகிறார்கள். விஷயம் எளிது. இவர்களிடம் அலைக்கற்றை உரிமம் கிடையாது, டவர் கிடையாது. டவர் வைத்திருக்கும் பெரிய ஆபரேட்டரிடம் நிமிடங்களையும் டேட்டாவையும் மொத்த விலைக்கு வாங்கி, தங்கள் பெயரை ஒட்டி, நமக்குச் சில்லறையில் விற்கிறார்கள். வாடகை வீட்டுக்கு வாசலில் நம் பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்வது போலத்தான். என் போனில் மேல் மூலையில் வருவது கூட வீட்டுக்காரரின் பெயர்தான், நான் பணம் கட்டும் கம்பெனியின் பெயர் பில்லிலும் ஆப்பிலும் மட்டும்தான் இருக்கிறது. இதிலும் படிகள் உண்டு. சிலர் வெறும் பெயர்ப் பலகை, பில்லிங் உட்பட எல்லாமே வீட்டுக்காரர் செய்வார். சிலர் சிம், வாடிக்கையாளர் பதிவேடு, மையக் கணினிகள் வரை சொந்தமாக வைத்துக்கொண்டு டவரை மட்டும் வாடகைக்கு எடுப்பார்கள். என்னுடையது முதல் வகை என்பது எஸ்எம்எஸ் வந்தபோதுதான் உறுதியானது. மையம் சொந்தமாக இருந்திருந்தால் வீடு மாறும்போது என் சிம்மைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வந்திருக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாத பில் முன்பு கட்டியதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒப்பந்தக் காலம் என்று எதுவும் இல்லை, பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதமே நடையைக் கட்டலாம். ஆப் சுத்தமாக இருக்கிறது, மிச்ச டேட்டா அடுத்த மாதத்துக்குப் போகிறது, காலர் டியூன் வேண்டுமா கிரிக்கெட் அலெர்ட் வேண்டுமா என்று யாரும் நச்சரிப்பதில்லை. போர்ட் செய்யக் காலையில் கொடுத்தேன், மதியம் பழைய சிம் 'சேவை இல்லை' என்று படுத்துக்கொண்டது, கொஞ்ச நேரத்தில் புதியது எழுந்தது. நடுவில் ஏபிஎன் என்று, எந்த வழியாக இணையத்துக்குப் போக வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் ஒரு செட்டிங்கை, நாமே கையால் அடிக்க வேண்டியிருந்தது. எனக்குப் பரவாயில்லை, என் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் அன்று முழுக்க அவரோடு போனில், அதாவது வேறு போனில், உட்கார்ந்திருப்பேன்.

எப்படி இவ்வளவு மலிவாகக் கொடுக்க முடிகிறது என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. டவர் ஒருமுறை நட்டாகிவிட்டால் அதில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான், காலியாகப் போகும் கொள்ளளவை யாராவது வாங்கிக்கொண்டால் பெரிய ஆபரேட்டருக்கு லாபம். ஆனால் தன் பெயரிலேயே விலையைக் குறைத்தால் இருக்கிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் அந்த விலையைக் கேட்பார்கள். அதனால் வேறு பெயரில், வேறு முகத்தோடு, வேறு கூட்டத்துக்கு விற்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. 1999ல் பிரிட்டனில் வர்ஜின் மொபைல் தொடங்கியது இந்தக் கணக்கில்தான். ஒன்டூஒன் என்ற ஆபரேட்டர் நெட்வொர்க் கொடுத்தது, வர்ஜின் தன் பெயரையும் இளைஞர்களிடம் இருந்த செல்வாக்கையும் கொடுத்தது, பங்கு பாதிக்குப் பாதி. ஸ்பெயின் நாட்டு டெலிஃபோனிகா இன்னும் ஒரு படி போய், பிரிட்டனில் ஓ2 என்ற பெரிய ஆபரேட்டரை வைத்துக்கொண்டே 2009ல் கிஃப்காஃப் என்று தனியாக ஒன்றைத் திறந்தது. அதில் கஸ்டமர் கேர் வேலையைப் பெரும்பாலும் வாடிக்கையாளர்களே ஒருவருக்கொருவர் செய்கிறார்கள், அதற்குப் புள்ளிகள் கிடைக்கும். கேட்கும்போது சிரிப்பு வரும், ஆனால் நான் கஸ்டமர் கேருக்குப் பேசிய பிறகு அது அவ்வளவு மோசமான யோசனையாகத் தோன்றவில்லை.

பெயர் மட்டும் இருந்தால் போதும் என்று இறங்கியவர்கள் கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன் 2006ல் மொபைல் சேவை தொடங்கி அதே வருடம் மூடுவதாக அறிவித்தது, டிஸ்னி அதே 2006ல் தொடங்கி 2007ல் கடையைக் கட்டியது. வெரைசன் நெட்வொர்க்கில் ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ட் மொபைல் 2007ல் திவாலானது. வாடகையும் கொடுத்து, போனுக்கு மானியமும் கொடுத்து, விளம்பரமும் செய்தால் கையில் என்ன மிஞ்சும்? என் கம்பெனி கவர்ச்சியான எதையும் செய்யாமல் சிம்மை மட்டும் விற்கிறது என்பது எனக்குத் தைரியம் தந்த விஷயங்களில் ஒன்று.

இனி குறைகள். தினமும் மாலை ஆறரை மணிக்கு ரயில் மாறும் ஸ்டேஷன் ஒன்று உண்டு. மேடை முழுக்க ஆள், எல்லோர் தலையும் போனுக்குள். என் போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கும், 4ஜி என்று கம்பீரமாக எழுதியிருக்கும், மேப் மட்டும் சாம்பல் கட்டங்களாகவே இருக்கும். ஒரு நாள் கூட வேலை பார்க்கும் நண்பர் பக்கத்தில் நின்றிருந்தார். அவரிடம் இருப்பது எனக்கு வீட்டுக்காரரான அதே ஆபரேட்டரின் நேரடி சிம். அதே டவர், அதே அலைக்கற்றை, போன் மாடல் கூட ஏறக்குறைய ஒன்றுதான். அவர் கிரிக்கெட் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார், நான் சாம்பல் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "உன் சிம் தூங்குதுடா" என்றார்.

தூங்கவில்லை, வரிசையில் நிற்கிறது. 4ஜி தரத்தில் ஒவ்வொரு டேட்டா ஓட்டத்துக்கும் கியூசிஐ என்று ஒரு எண் கொடுப்பார்கள். குரல் அழைப்புக்கு 1, அழைப்பை இணைக்கும் சமிக்ஞைக்கு 5, சாதாரண இணையத்துக்கு 8 அல்லது 9. சில ஆபரேட்டர்கள் தங்கள் நேரடி வாடிக்கையாளரை 8ல் வைத்துவிட்டு, மொத்தத்தில் விற்ற சிம்களை 9ல் வைப்பார்கள். டவர் காலியாக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, நள்ளிரவில் வேகம் அளந்து பார்த்தால் நானும் நண்பரும் சமம். கூட்டம் சேர்ந்ததும் 8க்கு முதலில் போகும், மிச்சம் இருந்தால் 9க்கு. இணையத்தில் 'இந்த சிம் சூப்பர்' என்று எழுதுகிறவரும் 'இது குப்பை' என்று எழுதுகிறவரும் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஒருவர் வீட்டிலிருந்து எழுதுகிறார், இன்னொருவர் ரயில் மேடையிலிருந்து. இது இரண்டு கம்பெனிகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும் வரி. நமக்குக் காட்டும் விளம்பரத்தில் 'அதே நெட்வொர்க், பாதி விலை' என்று மட்டும் இருக்கும். அதே நெட்வொர்க் என்பது பொய்யில்லை, அதே வரிசை என்று அவர்கள் சொல்லவே இல்லை.

அடுத்தது புகார். நாலாவது மாதத்தில் இரண்டு நாள் எனக்கு வர வேண்டிய அழைப்புகள் மட்டும் வரவில்லை. நான் கூப்பிட்டால் போகிறது, யாராவது கூப்பிட்டால் 'ஸ்விட்ச் ஆஃப்' என்று சொல்கிறதாம். சாட்டில் கேட்டேன். போனை அணைத்துப் போடுங்கள் என்றார்கள், போட்டேன். சிம்மைக் கழற்றிப் போடுங்கள், அதுவும் ஆயிற்று. "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது சார், நெட்வொர்க் பார்ட்னருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம்" என்றார்கள். அந்த பார்ட்னர் யார் என்று எனக்குத் தெரியும், என் போன் மூலையில் பெயர் இருக்கிறது. அவர்களுக்கே கூப்பிட்டேன். நம்பரைச் சொன்னதும் "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லையே" என்றார்கள். வாஸ்தவம்தான். பைப் உடைந்தால் வாடகைதாரரிடம்தான் சொல்ல முடியும், பிளம்பர் வீட்டுக்காரருடைய ஆள். மூன்றாம் நாள் காலை தானாகச் சரியானது, என்ன கோளாறு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

சின்னச் சின்ன எரிச்சல்களும் உண்டு. பழைய சிம்மில் வைஃபை காலிங் இருந்தது, இதில் என் போன் மாடலுக்கு இல்லை, அதனால் வீட்டின் உள்ளறையில் ஜன்னலோரம் நின்றுதான் பேச வேண்டும். நண்பருக்கு அதே நெட்வொர்க்கில் அது வேலை செய்கிறது, ஆக இதுவும் ஒப்பந்தத்தில் வாங்காமல் விட்ட சரக்கு. முதல் சில வாரங்கள் ஒரே ஒரு இடத்திலிருந்து மட்டும் ஓடிபி வரவே இல்லை, அதற்குக் குரல் அழைப்பில் ஓடிபி கேட்டு ஓட்டினேன், பிறகு வரத் தொடங்கியது.

வெளிநாட்டுப் பயணம் ஒன்றில் இந்த சிம்மின் ரோமிங் கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பயண ஈசிம் ஒன்றை வேறொரு ஆப்பில் வாங்கினேன். அது இன்னும் ஒரு படி விசித்திரம், உள்குத்தகைக்கு உள்குத்தகை. விற்றவர் ஒரு நாடு, சிம்மை உண்மையில் வழங்கிய ஆபரேட்டர் இன்னொரு நாடு, டவர் நான் போன நாடு. டேட்டா டவரிலிருந்து சிம் வழங்கிய நாட்டுக்குப் போய்த்தான் இணையத்தில் இறங்குகிறது, எதிரே இருக்கும் ஹோட்டலின் இணையதளத்தைத் திறந்தாலும் அப்படித்தான். ஆகவே வானிலை ஆப் நான் கால் வைக்காத ஒரு நகரத்தின் மழையைக் காட்டியது, வீடியோ காலில் 'ஹலோ' சொன்னால் ஒரு நொடி கழித்துப் பதில். மெயில் பார்க்க, மேப் பார்க்கப் போதும், விலையும் ரோமிங்கோடு ஒப்பிட்டால் எங்கேயோ இருக்கிறது. ரோமிங் என்பதே கம்பெனிகளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான். 1992ல் டெலிகாம் ஃபின்லாந்தும் வோடஃபோனும் முதல் ஜிஎஸ்எம், அதாவது 2ஜி, ரோமிங் ஒப்பந்தம் போட்டதிலிருந்து இந்தக் கணக்கு ஓடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூன் 15 முதல் தன் எல்லைக்குள் பயணிகளிடம் ரோமிங் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிறுத்தியபோதுகூட, கம்பெனிகள் தங்களுக்குள் கொடுத்துக்கொள்ளும் மொத்த விலையை ஒழிக்கவில்லை, அதற்கு உச்சவரம்பு வைத்தார்கள்.

'சொந்த டவர் உள்ளவனிடம் போய்விடு, தொல்லை இல்லை' என்று சொல்பவர்களுக்கு ஒன்று. அந்தச் 'சொந்த' என்ற சொல்லும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் பெரிய அண்ணனான டெலியாவுக்கு 3ஜி உரிமம் கிடைக்கவில்லை, 2001ல் போட்டியாளரான டெலி2வோடு கூட்டு நிறுவனம் போட்டு ஒரே 3ஜி நெட்வொர்க்கை இருவரும் விற்றார்கள். பிரிட்டனில் டி-மொபைலும் த்ரீயும் 2007ல் தங்கள் 3ஜி நெட்வொர்க்குகளை ஒன்றாக்கக் கூட்டு சேர்ந்தன. பிரான்சில் ஃப்ரீ என்ற புது ஆபரேட்டர் 2012ல் எல்லோரையும் விலையில் அலறவிட்டபோது அது போகாத இடங்களில் தாங்கியது போட்டியாளரான ஆரஞ்சின் டவர். ஜப்பானில் ராகுட்டன் வாடகைக்காரராக இருந்து 2020ல் சொந்த வீடு கட்டிக் குடிபோனது, கட்டி முடியாத பகுதிகளில் போட்டியாளரான கேடிடிஐயின் நெட்வொர்க்கில்தான் ஓடியது. விளம்பரத்தில் ஒருவரையொருவர் சட்டையைப் பிடிப்பார்கள், மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால் ஒரே கம்பத்தில் மூன்று பேருடைய ஆன்டெனா தொங்கும். இவர்களுக்கும் என் கம்பெனிக்கும் வித்தியாசம் பேரம் பேசும் பலத்தில்தான். ராகுட்டன் ரோமிங் ஒப்பந்தம் போடும்போது எதிரே உட்கார்ந்து பேச முடிகிறது. என் கம்பெனி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபையில் இருந்துகொண்டு, வெளியே போகும்போது மட்டும் டேட்டா எடுக்கிறவருக்கு நாலு கூடக் கொடுப்பேன். கூட்டமான இடத்தில் போனை நம்பித் தொழில் செய்கிறவர், டெலிவரி, டாக்சி, நேரலை போடுகிறவர், ஒரே சிம்மாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் சாட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். நெரிசல் நேரத்தில் என் டேட்டா நேரடி வாடிக்கையாளருக்குப் பின்னால் போகுமா? என் போன் மாடலில் வோல்ட்டியும் (4ஜி வழியாகவே பேசும் வசதி) வைஃபை காலிங்கும் வேலை செய்யுமா? இரண்டாவதற்குப் பதில் வந்துவிடும். முதலாவதற்கு என்ன பதில் வருகிறது, அல்லது எவ்வளவு நேரம் 'டைப் செய்கிறார்' என்று காட்டிக்கொண்டே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

புது சிம் நேற்று வந்துவிட்டது, உறை பிரிக்காமல் மேசை மேல் கிடக்கிறது. இந்த வீட்டுக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ. திங்கட்கிழமை காலையில் மாற்றிவிட்டு, மாலை ஆறரைக்கு அதே மேடையில் மேப்பைத் திறந்து பார்க்கப் போகிறேன். நண்பரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.