லேப்டாப்பை விற்கும் முன்: எந்த முறையில் அழித்தால் உண்மையிலேயே அழியும்?

பழைய லேப்டாப்பை விற்கும்போது பலரும் போட்டோக்களை காப்பி எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை ஒரு குவிக் ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கில் அது போதவே போதாது. புத்தகத்தில் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப்போடுகிற வேலை அது. பக்கங்கள் அப்படியே இருக்கும். வாங்கியவர் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் ஆதார் ஸ்கேன், பேங்க் ஸ்டேட்மென்ட், குழந்தையின் பிறந்தநாள் படங்கள் எல்லாம் பழைய பெயர் போய் வெறும் எண்களோடு ஃபோல்டர் ஃபோல்டராக வந்து குவியும்.

எம்ஐடியில் இருந்த சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலட்டும் செகண்ட் ஹேண்டில் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிச் சோதித்து, முடிவை 2003-இல் வெளியிட்டார்கள். படிக்க முடிந்த 129-இல் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. மற்றவற்றிலிருந்து 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன.

எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன் உள்ளே இருப்பது சுழலும் தட்டில் எழுதும் ஹார்ட் டிஸ்க்கா, மெமரி சிப்பில் எழுதும் எஸ்எஸ்டியா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால் தெரிந்துவிடும். பாதிக் குழப்பம் இங்கேதான் வருகிறது. ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றுக்குச் சரிப்படாது.

ஹார்ட் டிஸ்க் என்றால் விஷயம் எளிது. முழு டிஸ்க்கிலும் ஒரு தடவை பூஜ்ஜியம் எழுதினால் போதும். 7 தடவை, 35 தடவை எழுத வேண்டும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த 35, கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் குட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அன்றைய பலவகை டிஸ்க்குகளுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு அது. இன்றைய டிஸ்க்குக்கு அத்தனையும் தேவையில்லை என்று அவரே பிறகு எழுதிவிட்டார். 1 டிபி டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே சுமார் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். 35 சுற்று என்றால் நாட்கணக்கு. பலன் ஒன்றும் அதிகமாகாது.

இதற்கு எதைப் பயன்படுத்துவது? விண்டோஸ் ரீசெட்டில் 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதோடு 'டேட்டாவைச் சுத்தம் செய்' என்ற விருப்பத்தையும் ஆன் செய்யலாம். அது அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது, தானாக ஆன் ஆகாது. வீட்டு உபயோகத்துக்கு அது போதும். எனக்கு அதைவிட நம்பிக்கை, விண்டோஸோடு வரும் டிஸ்க்பார்ட் என்ற கருவியின் 'கிளீன் ஆல்' கட்டளைதான். வெறும் 'கிளீன்' பார்ட்டிஷன் விவரத்தை மட்டும் எடுக்கும். 'ஆல்' சேர்த்தால்தான் கடைசி செக்டர் வரை பூஜ்ஜியம் எழுதும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் டிஸ்க்கையே இப்படித் துடைக்காது. விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்திக் கட்டளை தட்டும் கருப்புத் திரையை வரவழைக்க வேண்டும். அங்கே டிஸ்க்குகள் 0, 1 என்று எண்ணாகத்தான் தெரியும். கொள்ளளவைப் பார்த்து எது எது என்று உறுதி செய்யாமல் என்டரைத் தட்டாதீர்கள். பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுவது இன்னும் உத்தமம்.

டிபேன் என்ற டிஸ்க் துடைக்கும் மென்பொருளின் பெயரைப் பழைய கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கலாம். பல வருடமாகப் புதுப்பிக்கப்படாதது அது. அதன் வழியில் வந்த என்வைப்பும், அதைப் பென்டிரைவிலிருந்தே ஓட்டும் ஷ்ரெட்ஓஎஸ்ஸும் இப்போது நல்ல தேர்வு.

எஸ்எஸ்டியில் கதையே வேறு. நீங்கள் ஓரிடத்தில் எழுதச் சொன்னால் அதன் கன்ட்ரோலர் தேய்மானத்தைச் சமப்படுத்த வேறொரு இடத்தில் எழுதும். கணினியின் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் உள்ளே உண்டு. அதனால் மேலே மேலே எழுதினாலும் பழைய துண்டுகள் எங்காவது தங்கலாம். டிரிம், அதாவது நீக்கிய இடங்களை டிரைவுக்குத் தெரிவிக்கும் வசதி, வேலை செய்யும் எஸ்எஸ்டியில் ஃபார்மட்டுக்குப் பிறகு சாதாரண மீட்பு மென்பொருளுக்கு ஒன்றும் சிக்காமல் போவதுண்டு. அதை நம்பி விற்கக் கூடாது.

சரியான வழி, அழிக்கச் சொல்லி டிரைவுக்கே உத்தரவிடுவது. எஸ்எஸ்டி இணையும் முறையில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. சாட்டா எஸ்எஸ்டிக்கு செக்யூர் இரேஸ், என்விஎம்இ வகைக்கு ஃபார்மட் அல்லது சானிடைஸ் கட்டளை. சில லேப்டாப்களில் ஆன் செய்ததும் திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையிலேயே இந்த வசதி இருக்கிறது. இல்லாவிட்டால் டிரைவ் தயாரிப்பாளரின் மென்பொருளைப் பாருங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். இடையில் கரண்ட் போனால் டிரைவ் பாஸ்வேர்டோடு பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு, அதனால் சார்ஜரையும் பேட்டரியையும் சரிபார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். யுஎஸ்பி கேஸில் போட்டுச் செய்தால் கட்டளை பல நேரம் உள்ளே போய்ச் சேராது.

இதிலும் ஓட்டை உண்டு. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2011-இல் 12 எஸ்எஸ்டிகளைச் சோதித்தபோது, ஒன்று அழித்துவிட்டதாகப் பதில் சொல்லிவிட்டு டேட்டாவை அப்படியே வைத்திருந்தது. இன்றைய டிரைவுகள் எவ்வளவோ தேவலை என்றாலும், முடிந்ததும் ஃபோட்டோரெக்கை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. உள்ளே ஒளிந்திருக்கும் இடத்தை அது காட்டாது. கட்டளை வேலையே செய்யவில்லை என்றால் காட்டிக்கொடுத்துவிடும்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட மேலானது, முதல் நாளிலிருந்தே என்கிரிப்ஷன் போட்டு, சாவி இல்லாமல் டேட்டாவைப் படிக்க முடியாதபடி வைப்பது. விண்டோஸின் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் டிஸ்க்கில் எது மிஞ்சினாலும் சாவி இல்லாமல் அது குப்பைதான். விற்கும்போது ரீசெட் செய்தால் வேலை முடிந்தது. டி2 சிப் அல்லது ஆப்பிளின் சொந்த சிப் உள்ள மேக்கில் இது பிறவியிலேயே உண்டு. மேக்ஓஎஸ் மான்டரேயிலிருந்து 'எல்லா உள்ளடக்கத்தையும் அமைப்புகளையும் அழி' என்று கொடுத்தால் சாவியே அழிந்துவிடும். பிட்லாக்கரைப் பல வருடம் கழித்து ஆன் செய்கிறவர்கள் 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்பதை விட்டு 'முழு டிரைவ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காலி இடத்தில் கிடக்கும் பழைய ஃபைல்கள் என்கிரிப்ட் ஆகாமல் தங்கிவிடும்.

பேட் செக்டர் (பழுதான இடங்கள்) வந்த டிஸ்க், செக்யூர் இரேஸ் பாதியில் நின்றுபோகும் எஸ்எஸ்டி, இவற்றை விற்காதீர்கள். டிரைவைக் கழற்றிக்கொண்டு லேப்டாப்பை மட்டும் விற்கலாம், விலை கொஞ்சம்தான் குறையும். கழற்றியதை உடைக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு பல சமயம் கண்ணாடியால் ஆனது, சிதறும். எஸ்எஸ்டியில் ஒரு ஓட்டை போட்டால் போதாது. பலகையில் இருக்கும் மெமரி சிப் ஒவ்வொன்றும் உடைய வேண்டும்.