சிவப்பு மூடி டியூப்பில் போன அப்பாவின் இரத்தம்

பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு அமெரிக்காவில் உள்ள கனெக்டிகட் திரும்பி மூன்று வாரங்கள் ஆகின்றன. விமானம், சுங்கச் சோதனை, சென்னையிலிருந்து குடியாத்தம் வரையிலான சாலை எல்லாம் நன்றாகவே இருந்தன. அவற்றைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அப்பாவின் கையிலிருந்து எடுத்த மூன்று மில்லி இரத்தத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அது இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

மாட்டுப் பொங்கலுக்குள் கொல்லையைச் சீர் செய்துவிட வேண்டும் என்று மார்கழி நடுவில் வரப்போரத்துப் புதரை அப்பா தாமே வெட்டியிருக்கிறார். பத்து நாள் கழித்து, நான் வீட்டில் இருக்கும்போதே, அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அம்மா நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் 102 டிகிரி. வேலூருக்குப் போகலாம் என்றேன். "ஒரு காய்ச்சலுக்கா வேலூரு?" என்று சொல்லிவிட்டு அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் காய்ச்சல் என்றால் டாக்டர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்போம். அளவு காட்டுவதற்காக வெட்டிய காகிதம் ஒட்டிய புட்டியில் கம்பவுண்டர் சிவப்பு மருந்தை ஊற்றித் தருவார். இப்போது கடைத்தெருவில் குளிர்சாதனம் போட்ட இரத்த சேகரிப்பு மையம் ஒன்று இருக்கிறது. டெங்குவுக்கான என்.எஸ்.1, மலேரியா, டைபாய்டுக்கான வைடால் ஆகிய சோதனைகள் மூன்றும் மதியத்துக்குள் கைப்பேசிக்கே வந்துவிட்டன, மூன்றிலும் ஒன்றும் இல்லை. அந்த வேகத்தைப் பார்த்துத்தான் நான் அடுத்ததைக் கேட்டேன்: உண்ணிக் காய்ச்சலுக்கு, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை செய்வீர்களா?

அதைக் கேட்கத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. நான் வசிக்கும் மாநிலத்தில்தான் லைம் என்ற ஊர் இருக்கிறது. 1975இல் அங்கே பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியதை ஆராயப் போய்த்தான், உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் வெளியே தெரிந்தது. அங்கே இலை அள்ளிவிட்டு வந்தால் முட்டிக்குப் பின்னாலும் அக்குளிலும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது குளிப்பதைப் போன்ற ஒரு பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கே அப்படிக் காய்ச்சல் வந்தபோது, லைம் நோய்க்கான எதிர்ப்பொருள் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. முதல் வாரத்தில் பெரும்பாலும் அது தெரியாது, உடல் இன்னும் எதிர்ப்பொருளைச் சுரக்கத் தொடங்கியிருக்காது. அனாப்பிளாஸ்மா என்ற இன்னொரு உண்ணிக் கிருமியின் மரபணுவைத் தேடிய பி.சி.ஆர். சோதனைதான் இரண்டே நாளில் விடை சொன்னது. நான் அந்தச் சோதனையை நம்பியது இதனால்தான்.

நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லப்படுவது ஸ்க்ரப் டைபஸ். மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் வருவது இது. கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. இதற்கு நம் ஊர்களில் பரவலாகச் செய்யப்படும் ஐ.ஜி.எம். எலைசா சோதனை எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. ஆகவே முதல் ஐந்தாறு நாள்களில் அது ஏமாற்றக்கூடும். பி.சி.ஆர். அப்படியல்ல, கிருமியின் மரபணுத் துணுக்கையே பிடித்து, ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, 30 சுற்றில் நூறு கோடிக்கு மேல் பெருக்கிக் கண்ணுக்குக் கொண்டுவருகிறது. அப்பா மூன்றாம் நாளில் இருந்தார். அந்தச் சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

மையத்தில் இருந்த பெண் யாருக்கோ போன் செய்து கேட்டுவிட்டு, சென்னைக்கு அனுப்ப வேண்டும், 4,200 ரூபாய் ஆகும் என்றார். பணத்தைக் கட்டினேன். அவர் சிவப்பு மூடி போட்ட டியூப்பை எடுத்தார். எனக்குக் கனெக்டிகட்டில் எடுத்தபோது ஊதா மூடி டியூப் என்பது நன்றாக நினைவிருந்ததால், இது சரியா என்று கேட்டேன். "அனுப்புற எடத்துல இப்படித்தான் சார் கேப்பாங்க" என்றார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அரை மணி நேரத்தில் இரத்தம் உறைந்து, மேலே மஞ்சளாகத் தெளிந்த நீரை மட்டும் பிரித்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலத்தோடு வைத்து மூடினார். எல்லாம் மிகவும் நேர்த்தியாக இருந்தது.

அன்று மாலை பழைய டாக்டரிடமே போனோம். இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் மாலையில் இரண்டு மணி நேரம் உட்காருகிறார். நான் நீட்டிய அறிக்கைகளை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அப்பாவைப் படுக்கச் சொல்லி, டார்ச் விளக்கை எடுத்தார். அக்குள், கழுத்து, தொடையிடுக்கு என்று ஒவ்வொரு மடிப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், இடுப்பில் அரைஞாண் கயிற்றை விரலால் தூக்கினார். அதன் அடியில், மிளகை நசுக்கி ஒட்டியதுபோல ஒரு கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பீடி நெருப்புப் பட்டால் ஆறும்போது இருக்குமே, அப்படி. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, அதனால் அப்பாவுக்கே தெரியாது. துணியோ கயிறோ இறுக்கும் இடத்தில் தங்கிக் கடிப்பது அந்தப் புழுவின் வழக்கம் என்றார் டாக்டர். "ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது தம்பி" என்று சொல்லி, டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாளைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவே காய்ச்சல் இறங்கிவிட்டது. போகியன்று பழைய பாயை அப்பாதான் கொண்டுபோய்த் தீயில் போட்டார்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. மாதிரி நிராகரிக்கப்பட்டது; உறையாத முழு இரத்தம் ஊதா மூடி டியூப்பில் வேண்டும்; மீண்டும் வந்து கொடுங்கள். எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. இந்தக் கிருமி செல்லுக்குள் வாழ்வது. வெள்ளணுக்களோடு உறையாமல் இருக்கும் இரத்தத்தில்தான் அதன் மரபணு கிடைக்க வாய்ப்பு அதிகம். இரத்தத்தை உறையவிட்டு, அணுக்களை எல்லாம் கீழே ஒதுக்கிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுத்து அனுப்பினால் தேட வேண்டியதையே வீசி எறிந்ததாக ஆகும். சாதாரணச் சோதனையில் தவறு நேர்ந்தால் மறுநாள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதில் மாத்திரை தொடங்கிய பிறகு இரத்தத்தில் கிருமி நாளுக்கு நாள் குறைந்துபோவதால், அந்த மூன்றாம் நாள் இரத்தத்துக்கு ஈடாக வேறு எதையும் தர முடியாது.

ஆனாலும் ஊதா மூடி டியூப்பில் மீண்டும் கொடுத்தோம், கூடவே எலைசாவுக்கும். அது ஒன்பதாம் நாள். மாத்திரை தொடங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. பி.சி.ஆர். விடை: கண்டறியப்படவில்லை. எலைசா விடை: பாசிட்டிவ். இரண்டு தாள்களையும் டாக்டரிடம் காட்டினேன். அப்பாவின் இடுப்பிலிருந்த பொருக்கு உதிருமுன் அதைக் கிள்ளியெடுத்து அனுப்பியிருந்தால் மாத்திரை சாப்பிட்ட பிறகும் மரபணு கிடைத்திருக்கக்கூடும் என்றார். அந்தப் பொருக்கு அதற்குள் குளிக்கும்போது போய்விட்டிருந்தது.

என் ஆற்றாமை இதுதான். உண்ணிக் காய்ச்சல் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிறந்தது என்று 2023இல் உலகத்துக்கே நிறுவிக் காட்டிய ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். அவ்வளவு அறிவு ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்க, எந்த மூடி டியூப் என்ற ஒற்றை வரி எங்கள் கடைத்தெருவுக்கு வந்து சேரவில்லை. கனெக்டிகட்டில் இரத்தம் எடுப்பவர் டியூப்பைக் கையில் எடுக்குமுன் கணினித் திரையில் அந்தச் சோதனைக்குரிய நிறத்தைப் பார்க்கிறார். அவர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அதே வேளையில், அங்கே எந்த மருத்துவரும் என் சட்டையைக் கழற்றச் சொல்லி இவ்வளவு பொறுமையாக உடம்பு முழுவதையும் பார்த்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் மையத்துக்குப் போனேன். முதல் சோதனைக்கான பணத்தை மறுபேச்சில்லாமல் திருப்பித் தந்தார்கள். நிராகரிப்புத் தாளை அந்தப் பெண்ணிடம் கொடுத்து, உறைந்த இரத்தம் ஏன் உதவாது என்று சொன்னேன். அவர் பதிவேட்டின் உள்ளட்டையில் "ஸ்க்ரப் பி.சி.ஆர். – ஊதா, மாத்திரைக்கு முன்" என்று எழுதிக்கொண்டார். பிறகு, பொருக்கை எடுத்தால் அதை எதில் போட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. டாக்டரின் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.