ஆடிட்டர் ஆக எந்த வழி: ரெகுலர் பி.காமா, கரஸ் பி.காமா?

பிளஸ் டூவில் வணிகவியல் குரூப் முடித்து, ஆடிட்டர் ஆகவேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள். உடனே சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் நுழைவுத் தேர்வான பவுண்டேஷனை எழுதிவிட்டு, பி.காமைக் கரஸில், அதாவது தொலைநிலைக் கல்வியில், போட்டுவிட்டு ஓடுவது ஒன்று. மூன்று வருடம் ரெகுலர் கல்லூரியில் படித்து, 55 சதவீதமாவது எடுத்து, பவுண்டேஷன் இல்லாமல் டைரக்ட் என்ட்ரியில் சிஏவின் இரண்டாம் கட்டத் தேர்வான இன்டருக்குப் போவது இன்னொன்று. நான் இரண்டாவது வழியில் வந்து, இப்போது சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆஃபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் என்ற கட்டாயப் பயிற்சியில் இருக்கிறேன். அதனால் என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

காலக் கணக்கில் கரஸ் வழிதான் ஜெயிக்கும். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் மூன்று வருடத்திலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. எல்லாமே முதல் அட்டெம்ப்டில் தேறினால், பவுண்டேஷனுக்குப் பதிவு செய்ததிலிருந்து 42 மாதத்தில் சிஏவை முடித்துவிடலாம் என்பது கணக்கு. டைரக்ட் என்ட்ரியில் வருபவர் அந்த நேரத்தில் இன்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஃபீஸைப் பொறுத்தவரை, அரசு உதவி பெறும் பிரிவில் சீட் கிடைத்தால் கல்லூரிச் செலவு பெரிதில்லை. சுயநிதிப் பிரிவு என்றால் கரஸ்தான் மலிவு. கோச்சிங் செலவு இரண்டு பக்கமும் உண்டு.

ஆனால் விஷயமே அந்த ‘முதல் அட்டெம்ப்டில் தேறினால்’ என்பதில்தான் இருக்கிறது. இன்டரில் இரண்டு குரூப், குரூப்புக்கு மூன்று பேப்பர். ஒவ்வொன்றிலும் 40 வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். 41, 43, 62 என்று எடுத்தவரைப் பாருங்கள். எந்தப் பேப்பரிலும் 40க்குக் குறையவில்லை. ஆனால் கூட்டினால் 146, தேவை 150. நாலு மார்க்கில் குரூப்பே போச்சு. 60க்கு மேல் எடுத்த அந்த ஒரு பேப்பருக்கு மட்டும் அடுத்த மூன்று தேர்வுகள் வரை எக்ஸம்ப்ஷன் உண்டு, மற்ற இரண்டையும் திரும்ப எழுதவேண்டும். 2024, 2025 தேர்வுகளில் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 20 சதவீதத்துக்கும் கீழேதான். புதிய திட்டத்தில் இரண்டு குரூப்பும் முடிந்தால்தான் ஆர்ட்டிகிள்ஷிப்பே தொடங்கும்.

ஆக, இன்டரில் மாட்டிக்கொண்டால் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கரஸில் படித்தவரிடமும் டிகிரி இருக்கும், அதை மறுக்கவில்லை. டிஎன்பிஎஸ்சிக்கும் வங்கித் தேர்வுக்கும் முறையான தொலைநிலை டிகிரி செல்லும். தனியார் வேலையில்தான் வித்தியாசம் தெரியும். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் ரெகுலர் மாணவர்களைத்தான் பார்க்கின்றன. பல கம்பெனிகள் முழுநேரப் படிப்பு என்று நிபந்தனையே போடுகின்றன. என் வகுப்பில் சிஏ கனவோடு வந்த சிலர் கடைசி வருடத்தில் ஷேர்டு சர்வீஸ் (பெரிய கம்பெனிகளின் கணக்கு வேலையை ஒரே இடத்தில் செய்யும் மையம்) வேலைக்கு ஆஃபர் வாங்கி, சம்பளம் வாங்கிக்கொண்டே இன்டருக்குப் படிக்கிறார்கள். கரஸில் போன நண்பன் ஒருவன் இன்டரின் குரூப் டூவில் சிக்கியபோது, ஆஃபீஸும் இல்லை, வகுப்பும் இல்லை, வீட்டில் “எப்போதான் முடிப்பே?” என்ற கேள்வி மட்டும் இருந்தது. இது நான் பார்த்த சிலரை வைத்துச் சொல்வது. சென்னைக்கு வெளியே, கேம்பஸே வராத கல்லூரியில், இந்த வாதம் பாதி விழுந்துவிடும்.

கல்லூரிப் பாடம் ஆஃபீஸுக்கு உதவுமா? கொஞ்சம்தான். நூறு வருடத்துக்கும் முந்தைய கார்னர்-மர்ரே வழக்கை வைத்துக்கொண்டு, திவாலான பங்குதாரர் கணக்கைப் பக்கம் பக்கமாகப் போட்டோம். ஆஃபீஸில் அதை இதுவரை யாரும் கேட்கவில்லை. முதலில் கொடுத்த வேலை, ஒரு ஹார்டுவேர் கடையின் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை, சப்ளையர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் ஜிஎஸ்டிஆர்-2பியோடு வரிக்கு வரி ஒப்பிடுவது. ஒரே பில் எண் கடைக்காரரின் டேலி சாஃப்ட்வேரில் ‘0045’ என்றும், சப்ளையர் ரிட்டர்னில் ‘45/24-25’ என்றும் இருக்கும். எக்செல் இரண்டையும் வேறு வேறு என்று சொல்லும். எந்த பி.காமும் இதைச் சொல்லித் தராது. பி.காம் ஜெனரலா, அக்கவுண்டிங் அண்ட் ஃபைனான்ஸா என்று மண்டையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம், எங்கள் ஆஃபீஸில் இரண்டு பேரும் ஒரே வவுச்சரைத்தான் டிக் அடிக்கிறார்கள்.

யாருக்குக் கரஸ் சரி? வீட்டில் உட்கார்ந்து தானாகப் படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு, பவுண்டேஷனை ஒரே அட்டெம்ப்டில் நல்ல மார்க்கோடு தாண்டியவருக்கு, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய குடும்ப நிலைமை இருப்பவருக்கு. ரெகுலரில் சேர்ந்துகொண்டே பவுண்டேஷனும் எழுதலாம், தவறில்லை. ஆனால் படிக்கும்போதே இன்டரும் முடிந்துவிட்டால் சிக்கல் வரும்: கல்லூரி 75 சதவீத அட்டெண்டன்ஸ் கேட்கும், ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு வாரம் 35 மணி நேரம் ஆஃபீஸில் இருக்கவேண்டும், இரண்டும் ஒரே பகலில் மோதும். அப்படி வேகமாகப் போகும் எண்ணம் இருந்தால், அட்மிஷன் போடுவதற்கு முன் வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், இடையில் கரஸுக்கு மாற வழி உண்டா என்பதைத் துறைத் தலைவரிடமே கேட்டுவிடுங்கள்.