பாலஸ்தீன ஆயுதத் தலைவர்களைப் பற்றி அறிய ஆங்கில விக்கிப்பீடியா எவ்வளவு உதவும்?

பெரிய தலைவர் என்றால் தாராளமாக நம்பி ஆரம்பிக்கலாம். ஒரு வட்டாரத் தளபதியைத் தேடினால் பாதிக் கிணறுதான் தாண்டும்.

அபூ ஜிஹாத் என்ற கலீல் அல்-வசீரை எடுத்துக்கொள்வோம். 1935-ல் ராம்லாவில் பிறந்தார், 1948-ல் குடும்பத்தோடு விரட்டப்பட்டு காசா போனார், யாசர் அராஃபத்துடன் சேர்ந்து ஃபத்தா என்ற பாலஸ்தீன இயக்கத்தைத் தொடங்கினார். 1978 மார்ச்சில் இஸ்ரேலில் 38 பொதுமக்களைப் பலிகொண்ட கடற்கரைச் சாலைத் தாக்குதலைத் திட்டமிட்டவர் இவர் என்பார்கள். 1988 ஏப்ரல் 16 அன்று துனிஸில் அவர் வீட்டிலேயே இஸ்ரேலிய கமாண்டோக்கள் சுட்டுக் கொன்றார்கள். அது தங்கள் வேலை என்பதை வெளியிட இஸ்ரேலிய ராணுவத் தணிக்கை 2012-ல்தான் அனுமதித்தது. இப்படி இரு தரப்பும் பல ஆண்டுகள் எழுதித் தீர்த்த வாழ்க்கை என்பதால் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேட முடிகிறது. 1996 ஜனவரியில் கைப்பேசிக் குண்டால் கொல்லப்பட்ட, ஹமாஸ் இயக்கத்தின் குண்டு தயாரிப்பாளர் யஹ்யா அய்யாஷுக்கும் இதே நிலைதான்.

சிக்கல் வருவது ஒரே நாளில் செய்தியானவர்களிடம். தனிக் கட்டுரை வேண்டுமென்றால் சார்பற்ற, நம்பகமான மூலங்கள் அந்த ஆளைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். இதைத்தான் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள். இயக்கம் வெளியிடும் தியாகி அறிக்கை இதில் சேராது. ராணுவச் செய்தித் தொடர்பாளரின் அறிக்கையும் சேராது. பத்து நாளிதழ்களில் வந்தாலும் ஒரே செய்தி நிறுவனத்தின் வாசகம் என்றால் அது ஒரு மூலம்தான். பிறப்பு, படிப்பு, பொறுப்பு எதுவும் இல்லாமல் சாவு மட்டும் பதிவான ஆளின் பக்கம் நீக்கல் விவாதத்துக்குப் போகும். வழக்கமாக ஏழு நாள் நடக்கும், முடிவு எட்டாவிட்டால் நீளும். பலமுறை அவர் இறந்த தாக்குதலைப் பற்றிய கட்டுரையோடு இணைத்துவிடுவார்கள். இந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் இரு தரப்புப் பிரச்சாரமும் வாழ்க்கை வரலாறாக வேடம் போடும். ஆனால் பெயரைத் தேடி வருகிறவர் எதற்கு வேறு பக்கத்தில் வந்து நிற்கிறோம் என்று திணறுவார். கட்டுரையை எழுதுகிறவர்கள் அதைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் காரணம் கிடைக்கும்.

தேடலிலும் கவனம் வேண்டும். அபூ நிடால் என்பவர் சப்ரி அல்-பன்னா, அபூ இயாத் என்பவர் சலாஹ் கலஃப். ஒரே புனைபெயர் பலருக்கு உண்டு, ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஆளுக்கு ஆள் மாறும். கட்டுரையின் முதல் வரியில் இருக்கும் அரபு எழுத்துப் பெயரை அப்படியே நகலெடுத்துத் தேடுங்கள். குழப்பம் பெருமளவு தீரும். பிறகு வலப்பக்கத் தகவல் பெட்டியில் உள்ள தேதியை உள்ளே உள்ள தேதியோடு ஒப்பிடுங்கள். ஒருவர் பெட்டியை மட்டும் திருத்திவிட்டுப் போயிருப்பார், முரண்பாடு அங்கேதான் நிற்கும்.

பிழை கண்டால் உடனே திருத்த முடியாது, இதுதான் பெரிய குறை. அரபு-இஸ்ரேல் மோதல் சார்ந்த பக்கங்களில் 30 நாள் பழைய கணக்கும் 500 திருத்தங்களும் இல்லாதவர் கைவைக்க முடியாது. பேச்சுப் பக்கத்தில் கோரிக்கை வைக்கலாம். "கட்டுரை ஒருதலைப்பட்சம்" என்று எழுதினால் நிராகரிப்பார்கள். எந்த வாக்கியத்தை எடுக்க வேண்டும், அதற்குப் பதில் எந்த வாக்கியம், ஆதாரம் எந்த நூலின் எத்தனையாம் பக்கம் என்று மூன்றையும் கொடுங்கள்.