கேமும் ஸ்பிரிங்கும்: ஹெட்டை இறக்கியா, இறக்காமலா?

பழைய புரோட்டோன் வீரா காரில் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு; சுருக்கமாகக் கேம்) மட்டும் மாற்றுவது, கை பழகியவருக்கு அரைநாள் வேலை. வால்வை மூடி வைக்கும் ஸ்பிரிங்கையும் தொட்டால் ஒரு முழுநாள். ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பாகத்தை, இறக்கினால் பேராக்கின் சுங்கை சிப்புட்காரருக்குக் குறைந்தது மூன்று நாள்: ஹெட் ஈப்போவுக்குப் போய், மெஷின் ஷாப்பில் தன் முறைக்குக் காத்திருந்து, திரும்பி வர வேண்டும். தோட்டப் பட்டணத்துப் பட்டறைகளில் கம்பிரசர் இருக்கும், ஜாக் இருக்கும். வால்வு சீட் (வால்வு மூடி உட்காரும் வளையம்) வெட்டும் மெஷின் அநேகமாக இருக்காது. அதனால் ஹெட்டை இறக்குவதா வேண்டாமா என்ற கேள்விக்கு இங்கே பெருநகரத்தை விடக் கனம் அதிகம்.

முதலில், ஸ்பிரிங்கை விட்டுவிட்டுக் கேமை மட்டும் போடலாமா? கேமின் டிகிரி என்பது வால்வு திறந்திருக்கும் கால அளவு. 256, 264 டிகிரி போன்ற மிதமான கேமுக்குப் பழைய ஸ்பிரிங் தாங்கக்கூடும். 272-ஐத் தாண்டி, லிஃப்டும் (வால்வு திறக்கும் தூரம்) கூடினால் இரண்டு ஆபத்துகள் உண்டு. உயர் ஆர்பிஎம்மில் ஸ்பிரிங்கால் வால்வைக் கேமின் போக்கில் பிடித்து வைக்க முடியாமல் வால்வு மிதக்கும். லிஃப்ட் கூடியதால் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டும். இரண்டாவதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஸ்பிரிங் பொருத்திய உயரம் 38 மி.மீ., வால்வு லிஃப்ட் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், முழுதாய் அமுங்கும்போது 28 மி.மீ. மிஞ்சும். சுற்றுகள் முட்டும் உயரம் 26.5 என்றால் இடைவெளி 1.5 மி.மீ., சரி. லிஃப்ட் 11 ஆனால் மிஞ்சுவது 0.5 மி.மீ. தான், அந்தக் கேமைப் போடாதீர்கள். ரிட்டெய்னரின் (ஸ்பிரிங்கின் மேல்மூடி) அடிப்பக்கத்துக்கும், எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு சீலின் தலைக்கும் நடுவிலும் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. வேண்டும். இதைப் பலர் அளப்பதே இல்லை. புது சீல் ஒரு வாரத்தில் நசுங்கிப் புகை வந்த பிறகுதான் காரணம் தேடுவார்கள்.

சரி, ஸ்பிரிங்கும் மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டது. ஹெட்டை இறக்காமல் செய்யும் வழியில் மொத்தச் சிக்கலும் ஒரே இடத்தில்: ஸ்பிரிங்கை எடுத்தபின் வால்வு கீழே விழாமல் பிடித்து வைப்பது. அதற்கு இரண்டு முறைகள். ஒன்று காற்று: பிளக் துளையில் அடாப்டர் திருகி, கம்பிரசரிலிருந்து 6, 7 பார் காற்றை விடுவது. பிஸ்டன் சரியாக மேல் உச்சியில் நிற்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் காற்று பிஸ்டனைத் தள்ளி கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழற்றிவிடும். கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்து வையுங்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டியபடி விட்டு, காற்றைத் திறக்கவே கூடாது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 1, 4 ஒன்றாக உச்சிக்கு வரும்; அவற்றை முடித்தபின் அரைச் சுற்று திருப்பினால் 2, 3. கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் எல்லாம் கழன்றிருப்பதால் வால்வுகள் மூடியே இருக்கும், கிராங்கைத் தாராளமாகத் திருப்பலாம். கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் பெல்ட் தளர்ந்து பல்லில் சிக்காமல் ஒருவர் தூக்கிப் பிடித்தால் போதும்.

இன்னொன்று கயிறு. பிஸ்டன் பாதி தூரம் கீழே இருக்கும்போது 6 மி.மீ. நைலான் கயிற்றைப் பிளக் துளை வழியாக உள்ளே திணித்து, நுனியை வெளியே விட்டு, கிராங்கைக் கையால் மேலே திருப்பினால் கயிறு வால்வுகளை அண்டை கொடுத்துத் தாங்கும். மழைநாளில் கரண்டு போய் கம்பிரசர் நின்றாலும் கயிறு நிற்கும். மெதுவான முறைதான், ஆனால் நம்பகமானது. பிசிறு விடாத கயிறாகப் பாருங்கள்.

கருவியிலும் கவனம் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சி-கிளாம்ப் ஸ்பிரிங் அமுக்கி இங்கே உதவாது. அது வால்வின் முகத்தைக் கீழிருந்து பிடிக்க வேண்டும். தேவைப்படுவது ஹெட்டின் மேல் ஒரு கம்பியைப் போல்ட் போட்டு, அதில் ஊன்றி அமுக்கும் நெம்புகோல் வகை. அமுக்குவதற்கு முன் ரிட்டெய்னர் மேல் ஒரு சாக்கெட்டை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினால், இறுகிப்போன கோட்டர் (ரிட்டெய்னரை வால்வுத் தண்டில் பூட்டும் சிறு துண்டு) விட்டுக்கொடுக்கும். வீராவின் 4ஜி15 எஞ்சினில் 12 வால்வு, 24 கோட்டர். சத்ரியா ஜிடிஐ-யின் 4ஜி93-இல் 16 வால்வு, 32 கோட்டர். ஒன்று எண்ணெய் இறங்கும் துளையில் விழுந்தால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்ற வேண்டி வரும். துளைகளைத் துணியால் அடைக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். திரும்பப் போடும்போது கோட்டரில் கிரீஸ் தடவினால் ஒட்டி நிற்கும்.

ஹெட்டை இறக்கும் வழியில் இதே ஸ்பிரிங் வேலை மேசைமேல் விளையாட்டாக முடியும். ஒரு வால்வுக்கு இரண்டு நிமிடம். நாளைத் தின்பது மற்றவை. தண்ணீர் வடிப்பது, எரிபொருள் குழாய், வயரிங், மேனிஃபோல்டு. இந்த ஈரக் காற்றில் இருபது ஆண்டு ஓடிய காடியின் எக்சாஸ்ட் ஸ்டட் துருப்பிடிக்காமல் இருந்தால் ஆச்சரியம்தான். முந்தின நாளே எண்ணெய் அடித்து ஊறவிட்டு, புகைக்குழாயின் டௌன்பைப் இடத்தில் பிரித்து, மேனிஃபோல்டை ஹெட்டோடு தூக்குவது நல்லது. ஒரு ஸ்டட் முறிந்தால் ஒரு நாள் போச்சு. ஹெட் போல்ட்டை எஞ்சின் ஆறியபின், ஓரத்திலிருந்து நடுவுக்கு, மூன்று தவணையாகத் தளர்த்த வேண்டும். இறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஹெட் உட்காரும் பிளாக்கின் போல்ட் துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்க, மேலே போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே விரிசல் விடலாம். இந்தத் தவறைத் திருத்த முடியாது.

கைம்மாறாகக் கிடைப்பது: வால்வை உரசிச் சீட் படிய வைக்கலாம், வால்வுத் தண்டு ஓடும் கைடு தேய்ந்ததா என்று பார்க்கலாம், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்து நேரடியாக அளக்கலாம். இன்டேக்கில் 2 மி.மீ., எக்சாஸ்டில் 2.5 மி.மீ. குறைந்தபட்சம். எண்ணெய் அழுத்தத்தில் வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டர் உள்ள ஹெட்டில் அது அமுங்கிப் பொய்க்கணக்கு காட்டும். அளவெடுக்க மட்டும் கெட்டியான ஒன்றைப் போட வேண்டும். ஹெட்டைச் சீவினால் அந்த அளவுக்கு இந்த இடைவெளியும் குறையும், கேம் டைமிங்கும் சற்றுப் பின்தங்கும். கேம் டைமிங்கைத் திருத்த உதவும் அட்ஜஸ்டபிள் புல்லி அப்போது ஆடம்பரம் அல்ல.

எந்த வழி என்று முடிவெடுக்க லீக்-டௌன் சோதனை (சிலிண்டரில் விட்ட காற்று எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) போதும். பிளக் துளையில் காற்றை விட்டுக் காது கொடுங்கள். திராட்டில் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, எக்சாஸ்டில் சீறினால் எக்சாஸ்ட் வால்வு, எண்ணெய் மூடியில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் என்றால் கேஸ்கெட். வால்வு வழியாகக் கசிவு 20 விழுக்காட்டைத் தாண்டினால் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும். கசியும் வால்வின்மேல் புது ஸ்பிரிங் போடுவது பணத்தை ஆற்றில் போடுவது. ரிங்கே போயிருந்தால் கேம் யோசனையையே தள்ளிப் போடுங்கள். கசிவு குறைவு, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை என்றால் சீல்தான்; அதை ஹெட்டை இறக்காமலே ஸ்பிரிங்கோடு சேர்த்து மாற்றிவிடலாம். பெரும்பாலான வீராக்களுக்கு 264 கேமும் கயிறு முறையும் போதும் என்பது எங்கள் கணிப்பு. செம்பனைக் காட்டு மண்சாலையில் மூட்டை ஏற்றி ஏறும் காடிக்கு 288 கேம் போட்டால், கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும், ஐட்லிங் குதிக்கும், பிரேக்குக்கு உதவும் இன்டேக் வெற்றிடம் குறைந்து பெடலும் கடினமாகும்.

எந்த வழியானாலும், பெல்ட் மாட்டியபின் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, குறிகளை மறுபடி பாருங்கள். தடை தட்டினால் நிறுத்துங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். உருளை இல்லாத ராக்கர் என்றால் கேம் மூக்குகளில் அசெம்பிளி பேஸ்ட் தடவி, முதல் ஸ்டார்ட்டிலேயே 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட விட வேண்டும். ஐட்லிங்கில் விட்டால் கேமும் ராக்கரும் உரசித் தேயும்.

யமஹாவின் ஒய்15, எல்சி135 மோட்டார்சைக்கிளில் கதை தலைகீழ். நான்கு வால்வு, எட்டு கோட்டர். ஹெட்டைப் பிடித்திருப்பது விரல் விட்டு எண்ணும் போல்ட்டுகள், கேஸ்கெட்டும் மலிவு. அங்கே காற்றும் கயிறும் வீண்வேலை. தண்ணீரை வடித்து, கேம் செயினைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, ஹெட்டை இறக்குவதே சீக்கிரம் முடியும். செயினைக் கட்ட மறந்தால் அது கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். காந்தக் கோலை வைத்து மீன்பிடிக்க வேண்டியதுதான்.