சிக்கரி கலந்த பொடியா, கலக்காத பொடியா?

ஃபில்டர் காபி போடப் பழகுகிறவர்கள் முதலில் தடுமாறுவது பொடிக் கடையில்தான். "சிக்கரி போடவா, வேண்டாமா?"

சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது, காஃபின் கிடையாது. ஆனால் டிகாக்‌ஷனுக்குக் கருநிறமும் கெட்டியும் தரும். 80:20 கலவை (80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி) என்றால் அளவு கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பால் சேர்த்தபின் காபி நீர்த்துப் போகாது.

கலக்காத பொடியில் மணம் அள்ளும். ஆனால் என் முதல் வாரக் காபி வெந்நீரில் பால் ஊற்றியது போலத்தான் இருந்தது. பொடியைக் கூட்டி, லேசாக அழுத்திவிட்டு, முதல் டிகாக்‌ஷனை மட்டும் எடுத்தபின்தான் சரிப்பட்டது. செலவு கூடும்.

பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் பாருங்கள்: 49 சதவீதம் வரை சிக்கரிக்குச் சட்டத்தில் இடம் உண்டு. பழகும்வரை என் ஓட்டு 80:20-க்கு. பாலில்லாமல் குடிப்பவர் என்றால் சிக்கரியே வேண்டாம்.