படத்துக்குள் ஒளிந்திருந்த பேட்டரிக் கணக்கு: பென்டாக்ஸ் கே10டி, 4 வருட அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா, கல்யாணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எதுவாக இருந்தாலும் இன்னமும் என் பழைய கே10டி கேமராவைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். 2006இல் வந்த மாடல், பழையதாக வாங்கி 4 வருடம் ஆகிறது. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, படுத்தியது பேட்டரிதான்.

போன வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி. திரையில் பேட்டரி முழுசாகக் காட்டுகிறது. அத்தை மகன் கரகத்தோடு பூக்குழியில் கால் வைக்கிற நேரம் கேமரா அணைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் மறுபடியும் முழுசு! அதற்குள் அவன் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தப் படம் இல்லை, இல்லைதான். அத்தை இன்னும் கேட்கிறார்.

அப்புறம்தான் எக்ஸிஃப்டூலைக் கையில் எடுத்தேன். படத்துக்குள் ஒளிந்திருக்கும் விவரங்களைப் படித்துக் காட்ட, பில் ஹார்வி 2003இலிருந்து இலவசமாகக் கொடுத்துவரும் மென்பொருள் அது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் மேக்கர் நோட் என்று ஒரு பகுதி உண்டு, கேமரா நிறுவனங்கள் தங்கள் இஷ்டப்படி எழுதிவைப்பது, விளக்கக் கையேடு எதுவும் வெளியே வராது. பேட்டரியை மாற்றி மாற்றிப் படம் எடுத்து, ஃபைலுக்குள் எந்த எண் மாறுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து பார்த்தவர்களுக்குக் கோடி புண்ணியம்.

கே10டி படத்தில் எனக்கு வேண்டியது இரண்டே எண்கள், வோல்ட் இல்லை, கேமராவின் சொந்த அளவு. ஒன்று நோ லோட், கேமரா சும்மா இருக்கும்போது பேட்டரி காட்டும் அளவு. இன்னொன்று லோட், கேமரா மின்சாரத்தை இழுக்கும்போது காட்டும் அளவு. இரண்டு பேட்டரியையும் இரவு முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் பசியாறிவிட்டு, வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை ஒரே மாதிரி படம் எடுத்தேன். கேமராவோடு வந்த பேட்டரி: 185, இழுக்கும்போது 180. மலிவாகக் கிடைத்ததே என்று நான் வாங்கிய மாற்று பேட்டரி: 184, இழுக்கும்போது 163. வோல்ட்டில் சொன்னால் ஏறக்குறைய 8.1இலிருந்து 7.2க்குச் சரிவு. சும்மா இருக்கையில் இரண்டும் ஒன்றுதான், வேலை வாங்கினால்தான் வண்டவாளம் தெரிகிறது. பேட்டரி பழசாக ஆக உள்தடை, அதாவது மின்சாரத்தை உள்ளேயே தடுக்கும் தன்மை, ஏறும், இழுக்கும்போது வோல்டேஜ் விழும். திரையில் தெரியும் கோடுகள் இதைச் சொல்லவே இல்லை.

எக்ஸிஃப்டூல் காட்டும் வோல்ட் கணக்கு புது பேட்டரியை வைத்துத் தோராயமாகப் போட்டது, அதை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், அதுதான் பேசும். கேமராவிலிருந்து நேராக எடுத்த ஃபைல் வேண்டும், வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இதெல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு சுலபமாக அமையாது. நிக்கான் மேக்கர் நோட்டின் சில பகுதிகளைப் பூட்டியே வைக்கிறது, சாவி கேமராவின் வரிசை எண்ணும் ஷட்டர் எண்ணிக்கையும் (அதுவரை எத்தனை படம் எடுத்தது என்பது).

இப்போது ஒவ்வொரு பேட்டரியிலும் வெள்ளை டேப் ஒட்டி, மாதம் ஒரு தடவை அந்த வித்தியாசத்தை எழுதிவைக்கிறேன். மூலப் பேட்டரி 5இலிருந்து 8க்கு வந்திருக்கிறது, சரி, பரவாயில்லை. 21 காட்டியதைத் தீமிதிக்குக் கொண்டுபோவதில்லை, வீட்டு வாசலோடு சரி.